கை வேகம் குறைவதும் கால் எரிவதும்: எச்.ஐ.வி. தொற்று மூளையையும் நரம்புகளையும் தொடும் விதம்

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அன்று முப்பது, முப்பத்தைந்து வயதில் மாத்திரையைத் தொடங்கியவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். லாரியையும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியையும் நம்பிப் பிழைக்கும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கங்களிலும், ஊர் விட்டு ஊர் வந்து தங்கி வேலை பார்ப்போர் நிறைந்த திருப்பூரிலும் இப்படிப் பிழைத்து நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. உயிர் தங்குமா என்ற பழைய கேள்வி அவர்களிடம் இப்போது இல்லை. அதன் இடத்தில் வேறு கேள்விகள் வந்திருக்கின்றன. ரத்தத்தில் கிருமியே தெரியவில்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன் நினைவு தப்புகிறது? ஏன் இரவில் பாதம் எரிகிறது? இது வயதின் வேலையா, சர்க்கரையா, மாத்திரையின் சூடா, இல்லை கிருமி மூளைக்கு ஏறிவிட்டதா?

இவற்றுள் எதுவும் காரணமாக இருக்கலாம்; ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் ஒரு காரணத்துக்கு அன்றைக்கே ஆம்புலன்ஸ் தேவைப்படும், இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் பொறுமை தேவைப்படும், மற்றொன்று வைட்டமின் மாத்திரையோடு தீர்ந்துவிடும். எனவே எல்லாவற்றையும் ‘கிருமி தலைக்கு ஏறிவிட்டது’ என்ற ஒரே வரியில் அடக்குவது ஆபத்தானது.

முதலில் சில சொற்கள்

1. எச்.ஐ.வி. என்பது கிருமி. எய்ட்ஸ் என்பது அக்கிருமி சிகிச்சையின்றி வளர்ந்து, உடலின் எதிர்ப்பாற்றல் குலைந்துபோன நிலை. மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்களில் பலர் அந்த நிலைக்குப் போகாமலேயே வாழ்கிறார்கள். எல்லோரையும் ‘எய்ட்ஸ்காரர்’ என்பது புண்படுத்தும் பேச்சு மட்டுமல்ல, மருத்துவப் பிழையும்கூட.

2. சி.டி.4 என்பது எதிர்ப்பாற்றலை நடத்திச் செல்லும் ரத்த வெள்ளணு வகை. நலமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இவை பெரும்பாலும் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் மற்ற கிருமிகளுக்குக் கதவு திறந்துவிடுகிறது.

3. வைரல் லோடு என்பது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு. ‘கண்டறிய இயலாத அளவு’ என்று முடிவு வந்தால், பரிசோதனைக் கருவிக்கு எட்டாத அளவுக்குக் கிருமி அடங்கியிருக்கிறது என்று பொருள். இந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியே தொற்று பிறருக்குப் பரவாது. எனினும் கிருமி உடலை விட்டு அடியோடு போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை.

4. மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கைகால்களுக்குப் பிரிந்து செல்பவை புற நரம்புகள். எச்.ஐ.வி. இரண்டையும் தொடுகிறது, ஆனால் வெவ்வேறு விதமாக.

மூளைக்குள் நுழையும் வழி

ரத்தத்தில் இருக்கும் எல்லாமே மூளைக்குள் போய்விடாதபடி, மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது. இதுவே ரத்த-மூளைத் தடுப்பு. தனித்து வரும் கிருமிக்கு இதைக் கடப்பது எளிதன்று. ஆனால் எதிர்ப்பு வெள்ளணுக்கள் காவல் சுற்றுக்காக இத்தடுப்பைக் கடந்து உள்ளே போய்வர உடலிலேயே அனுமதி உண்டு. எச்.ஐ.வி. தங்குவதே அந்த வெள்ளணுக்களுக்குள்தான். காவலரைச் சோதிக்காமல் உள்ளே விடும் வாசலில், காவலரின் உடைக்குள் ஒளிந்து திருடன் நுழைவதைப் போன்றது இது.

இந்த நுழைவு நோய் முற்றிய பிறகே நடக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. தாய்லாந்தில், தொற்று ஏற்பட்ட முதல் வாரங்களிலேயே கண்டறியப்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், தொற்று நிகழ்ந்து ஏறத்தாழ எட்டே நாள் ஆகியிருந்த ஒருவரின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் கிருமி காணப்பட்டது. பெரும்பாலோருக்கு அந்நாள்களில் தலையில் எந்தக் குறியும் தெரிவதில்லை. சிலருக்கு மட்டும் மூளை உறை அழற்சியால் தலைவலி, முகவாதம், அரிதாகக் கைகால் செயலிழப்பு ஆகியவை தோன்றி அடங்குகின்றன. ஆகவே ‘மூளைக்குப் போயிற்றா’ என்ற கேள்வியில் பெரிய பொருளில்லை. போய் அங்கே என்ன செய்கிறது என்பதே கேள்வி.

நரம்பணுவைத் தொடாமலேயே நரம்பணுவைக் கெடுக்கும் முறை

இந்த விஷயத்தில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி இது. சிந்திப்பதும் நினைவில் வைப்பதும் கையை அசைக்க ஆணையிடுவதும் நரம்பணுக்களின் வேலை. எச்.ஐ.வி. அந்த நரம்பணுக்களுக்குள் நுழைவதில்லை. நுழைவதற்கான பிடிமானம் அவற்றின் மேல் இல்லை. அது குடியேறுவது மைக்ரோகிளியா என்னும் மூளையின் காவல் அணுக்களிலும், ரத்தக் குழாய்களை ஒட்டியிருக்கும் விழுங்கணுக்களிலும். அப்படியானால் நரம்பணு எப்படிக் கெடுகிறது?

சாளை எனப்படும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வீட்டுக்குள் யாரும் புகவில்லை. ஆனால் காவலுக்குக் கட்டியிருக்கும் நாயைப் பிடித்த நோயால் அது பகலென்றும் இரவென்றும் பாராமல் ஓயாது குரைக்கிறது. ஒருநாள் பொறுக்கலாம். ஆண்டுக்கணக்கில் அப்படியே தொடர்ந்தால் வீட்டிலிருப்போரின் உறக்கமும் உடல்நிலையும் என்னவாகும்? மூளைக்குள் நடப்பது ஏறக்குறைய இதுவே:

1. தொற்றிய காவல் அணுக்கள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை விடாமல் சுரக்கின்றன.

2. கிருமியின் உறைப் புரதமான ஜி.பி.120, அதன் உள்வேலைப் புரதமான டாட் ஆகியவை அணுக்களிலிருந்து வெளியே கசிந்து பக்கத்து நரம்பணுக்களுக்கு நஞ்சாகின்றன.

3. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற பொருள் வேலை முடிந்ததும் உறிஞ்சி அகற்றப்பட வேண்டும். அதை அகற்றும் ஆஸ்ட்ரோசைட் அணுக்கள் அழற்சியால் தடுமாறுகின்றன. தேங்கும் குளூட்டமேட் நரம்பணுவை அளவுக்கு மீறி உசுப்பிச் சோர்வடையச் செய்கிறது.

4. இவற்றின் விளைவாக நரம்பணு உடனே சாவதில்லை. முதலில் அதன் கிளைகள் சுருங்குகின்றன. மற்ற அணுக்களோடு அது கொண்டிருந்த இணைப்புகள் குறைகின்றன.

நான்காவது கூறுதான் நம்பிக்கைக்கு இடம் தருகிறது. இறந்த நரம்பணு திரும்ப வராது. குறைந்த இணைப்புகளோ, அழற்சி அடங்கினால் ஓரளவு மீளக் கூடியவை. கூட்டு மருந்து தொடங்கிய சில மாதங்களில் பலருக்குச் சிந்தனையின் தெளிவு கூடுவதற்கு இது ஒரு காரணம்.

இந்தியாவுக்கு என்றே உரிய செய்தி ஒன்றும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பான்மையாகக் காணப்படுவது எச்.ஐ.வி.யின் ‘பி’ துணைவகை. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் ‘சி’ துணைவகை. ‘சி’ வகையின் டாட் புரதத்தில் ஓரிடத்தில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் செரைன் இருக்கிறது. இதனால் அழற்சி அணுக்களை மூளைக்குள் இழுத்து வரும் ஆற்றல் அந்தப் புரதத்துக்குக் குறைவு என்பதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். இதை வைத்து இந்தியர்களுக்கு மூளைப் பாதிப்பே வராது என்று சிலர் எண்ணினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் இந்திய நோயாளிகளிடமும் கவனக் குறைவையும் வேகக் குறைவையும் கண்டன. ஒரு புரதத்தின் சலுகையை நம்பி அசட்டையாக இருக்க இடமில்லை.

வேலையிடத்தில் எப்படித் தெரியும்

எச்.ஐ.வி. அதிகம் பாதிப்பவை மூளையின் ஆழத்திலுள்ள பேசல் காங்கிலியா, இணைப்பு இழைகள் நிறைந்த வெண்பகுதி, நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் ஆகியவை. அதனால் இதன் முகம் முதுமையில் வரும் அல்சைமர் நோயின் முகத்தைப் போன்றதன்று. அல்சைமரில் பெயரும் முகமும் சொல்லும் மறக்கின்றன. எச்.ஐ.வி. பாதிப்பில் பேச்சு பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும், உறவினரையும் அடையாளம் தெரியும், ஆனால் எல்லாம் மெதுவாகிவிடும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே இடைவெளி நீளும். இரண்டு வேலைகளைச் சேர்த்துப் பார்ப்பது கடினமாகும்.

பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். துணியின் இரு விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, வளைவில் விரலால் திருப்பிக்கொடுத்து, பெடலை அழுத்தும் கால் அதற்கேற்ப விட்டுவிட்டு இயங்க வேண்டும். தையல் அவருக்கு மறக்கவில்லை, தையலில் கோணலும் இல்லை. ஆனால் முன்பு ஒரு ஷிப்டில் முடித்த கட்டு இப்போது ஷிப்டு முடிந்த பிறகும் பாதி கிடக்கிறது. விசைத்தறியில் நிற்பவருக்கோ பாவு இழை அறுந்தது கண்ணில் பட்டும் தறியை நிறுத்தக் கை போவதற்குள் சில விரற்கடை துணி வீணாகிவிடுகிறது. சூப்பர்வைசருக்கு இது சோம்பல். வீட்டாருக்கு இது குடி அல்லது கவலை. அவருக்கே கூட இது ‘வயசாகிப் போச்சுங்க’ என்ற ஒரு வார்த்தை. நோயின் குறியை ஒருவரின் குணமாகப் படிக்கும் இந்தத் தவறு, மாதக்கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது.

இந்த மந்தத்தைச் சில நிமிடங்களில் அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. முதலில் நான்கு சொற்கள் சொல்லப்படுகின்றன. அவற்றைத் திருப்பிச் சொல்லிவிட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, வழக்கமாகப் பயன்படுத்தாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து விரித்து வேகமாகத் தட்ட வேண்டும். ஐந்து நொடிக்குள் 15 தட்டு விழுந்தால் முழு மதிப்பெண் 4. பிறகு விரல்களை மடக்கிய கையை மேசை மேல் வைத்து, அடுத்து உள்ளங்கையை விரித்து, அடுத்து சுண்டுவிரல் பக்கம் படும்படி கையைச் செங்குத்தாக நிறுத்தி, இந்த மூன்று நிலைகளையும் வரிசை மாறாமல் பத்து நொடிக்குள் நான்கு சுற்று செய்தால் இன்னொரு 4. கடைசியில் அந்த நான்கு சொற்களையும் நினைவிலிருந்து சொன்னால் மீதி 4. மொத்தம் 12-இல் 10-ஓ அதற்குக் கீழோ வந்தால் விரிவான பரிசோதனை தேவை. இது சல்லடை மட்டுமே. இதை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. மனச்சோர்வு, தூக்கமின்மை, குடி, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே மந்தத்தைத் தரக்கூடும். இவற்றை முதலில் விலக்க வேண்டும், ஏனெனில் இவை தீர்க்கக் கூடியவை.

எத்தனை பேருக்கு என்ற சர்ச்சை

இணையத்தில் ‘எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மூளைப் பாதிப்பு’ என்ற வரி அடிக்கடி தென்படுகிறது. இதன் வேர் அமெரிக்காவில் 1,555 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு. வேறு கடுமையான காரணங்கள் உள்ளோரை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, 33 விழுக்காட்டினருக்குச் சோதனைத் தாளில் மட்டும் குறை தெரிந்தது. அன்றாட வாழ்வில் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. 12 விழுக்காட்டினருக்கு இலேசான தடை இருந்தது. அறிவுத்திறனை இழக்கும் டிமென்ஷியா 2 விழுக்காட்டினருக்கே இருந்தது. அறிகுறியே இல்லாத அந்த 33-ஐயும் நோயென்று கூட்டித்தான் ‘பாதிப் பேர்’ என்ற எண்ணிக்கை கிடைக்கிறது. படிப்பும் பழக்கமும் குறைந்தவர்கள் நோயில்லாமலேயே இத்தகைய சோதனைகளில் குறைவாக எடுப்பார்கள் என்பதால், சோதனை மதிப்பெண்ணை மட்டும் கொண்டு மூளைப் பாதிப்பு என்று முத்திரை குத்தக் கூடாது எனப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2023-இல் பரிந்துரைத்தது. அது சரியான திருத்தம் என்றே கருதுகிறேன். பயமுறுத்தும் எண்கள், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் வாசலுக்கு வர நினைப்பவரையும் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

பாதத்தில் தொடங்கும் எரிச்சல்

புற நரம்புப் பாதிப்பு இதைவிடப் பரவலானது. ‘காலு மதமதன்னு இருக்குதுங்க, ராத்திரியானா திகுதிகுன்னு எரியுதுங்க’ என்று சொல்வதில் நோயின் இரண்டு பாதிகளும் வந்துவிடுகின்றன: உணர்வு குறைவதும், இருக்கும் உணர்வு வலியாக மாறுவதும். உடலிலேயே நீளமான நரம்புகளின் முனை முதலில் வாடுவதால், இரண்டு பாதங்களிலும் ஒரே நேரத்தில் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டது போல மேலேறும். போர்வை உரசினாலும் வலிக்கும். செருப்பு கழன்று விழுந்தாலோ தெரியாது.

காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது:

1. கிருமியும் அது கிளப்பும் அழற்சியும்.

2. ஸ்டாவுடின் என்ற பழைய மாத்திரை. தொடக்க ஆண்டுகளில் இதுவே பலரின் உயிரைக் காத்தது. நரம்பைக் கெடுத்ததும் இதுதான். இதைப் படிப்படியாக நிறுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவித்தது. அதை அன்று உட்கொண்டவர்களில் சிலருக்கு எரிச்சல் இன்றும் எஞ்சியிருக்கிறது.

3. காசநோய்க்கும் காசநோய்த் தடுப்புக்கும் தரப்படும் ஐசோநியாசிட். இது உடலில் வைட்டமின் பி6-ஐக் குறைக்கிறது. கூடவே பைரிடாக்சின் மாத்திரை தருவது இதற்காகத்தான். ‘வெறும் சத்து மாத்திரை’ என்று அதை ஒதுக்கிவைப்பவர்கள் இந்தத் தொடர்பை அறிவதில்லை.

4. சர்க்கரை நோய், குடி, பி12 குறைவு.

உணர்வு குறைந்த பாதத்தில் பட்ட காயம் தெரியாது. பழனிக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போவதும் பண்ணாரியில் குண்டம் இறங்கித் தீ மிதிப்பதும் இப்பகுதி மக்களின் ஆழ்ந்த வேண்டுதல்கள். பாதம் மரத்துப்போனவர் தம் வேண்டுதலை வேறு வகையில் நிறைவேற்றிக்கொள்ள வீட்டுப் பெரியவர்களே எடுத்துச் சொல்ல வேண்டும். கொப்புளமும் முள்ளும் வலிக்காமல் சீழ் பிடித்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

கால் எரியாமல், விறைத்துக்கொண்டு நடை தடுமாறி, சிறுநீரை அடக்க முடியாமல் போனால் அது தண்டுவடப் பாதிப்பாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை தேவை.

தலைவலி அவசரமாகும் தருணம்

இதுவரை சொன்னவை கிருமியே மெதுவாகச் செய்யும் வேலை. சி.டி.4 வெகுவாக இறங்கியவர்களுக்கு வேறு கிருமிகள் மூளையைத் தாக்குவது வேறு கணக்கு. அங்கே நாள்களும் மணிகளும் முக்கியம்.

1. கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சல்: புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் பூஞ்சை, மூச்சு வழியே நுழைகிறது. பெரும்பாலும் சி.டி.4 100-க்குக் கீழே உள்ளவர்களைப் பிடிக்கிறது. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை இதன் குறிகள். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இல்லாமலும் வரலாம். அறிகுறி தோன்றுவதற்குச் சில வாரங்கள் முன்பே ரத்தத்தில் இதைக் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு.

2. காசநோய் மூளைக்காய்ச்சல்: சி.டி.4 எந்த அளவில் இருந்தாலும் வரலாம். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, குழப்பம்.

3. டாக்சோபிளாஸ்மா: நெடுநாள் முன் உடலுக்குள் வந்து உறங்கிக்கிடந்த கிருமி விழித்துக்கொள்வது. ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, வலிப்பு. கோட்ரிமாக்சசோல் மாத்திரை இதைத் தடுக்கவும் செய்கிறது, குணப்படுத்தவும் உதவுகிறது.

4. பி.எம்.எல்.: ஜே.சி. என்ற வைரஸ் மூளையின் வெண்பகுதியை அரிப்பது. இதற்கெனத் தனி மருந்து கிடையாது. எதிர்ப்பாற்றலை மீட்பதே வழி.

முதல் இரண்டையும் உறுதிசெய்ய முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இங்குதான் பல குடும்பங்கள் கையெழுத்துப் போட மறுக்கின்றன. முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற அச்சமே காரணம். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்குக் கீழே, திரவமும் மிதக்கும் நரம்பிழைகளும் மட்டுமே உள்ள இடத்தில். கிரிப்டோகாக்கல் நோயிலோ நீர் எடுப்பது பரிசோதனை மட்டுமல்ல, சிகிச்சையும் ஆகும். மண்டைக்குள் ஏறும் அழுத்தத்தை அது இறக்குகிறது. அந்த அழுத்தமே கண்ணையும் உயிரையும் பறிப்பது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மூளைக்காய்ச்சலோடு வந்தவருக்கு எச்.ஐ.வி. மாத்திரையை உடனே தொடங்காமல் மருத்துவர்கள் சில வாரங்கள் காத்திருப்பார்கள். கிரிப்டோகாக்கல் நோயில் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம். வீட்டார் இதை அலட்சியம் என்று நினைக்கிறார்கள். மூளையில் பூஞ்சை நிறைந்திருக்கும்போதே எதிர்ப்பாற்றல் திடீரென எழுந்தால், அது தொடுக்கும் போரின் வீக்கத்தையே மூளை தாங்காது. அதனால்தான் காத்திருப்பு.

சிகிச்சையும் அதன் சிக்கல்களும்

கூட்டு மருந்து வந்த பிறகு எச்.ஐ.வி. டிமென்ஷியா அரிதாகிவிட்டது. இப்போது முதல் கட்டமாகத் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதற்கு முன் இருந்த எஃபாவிரென்ஸ் பலருக்குத் தலைச்சுற்றலையும் பயமுறுத்தும் கனவுகளையும் தந்தது. அந்தக் கனவுகளை நோயின் குறியென்று எண்ணி மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வலிப்பு உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். ஃபெனிடாயின், கார்பமசெபைன் ஆகிய வலிப்பு மாத்திரைகள் டோலுடெக்ராவிரை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடுகின்றன. வலிப்புக்கு ஒரு மருத்துவரிடமும் எச்.ஐ.வி.க்கு வேறோர் இடத்திலும் போகிறவர், கூச்சத்தால் ஒன்றை மற்றவரிடம் மறைத்தால், இரண்டு சிகிச்சையும் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றிக்கொண்டே கிருமி மீண்டும் பெருகும். கால்சியம், இரும்புச் சத்து, ஆன்டாசிட் மாத்திரைகளும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைப்பவை. அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்று கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரத்தத்தில் கிருமி அடங்கியும், மூளைத் திரவத்தில் மட்டும் அது பெருகியிருக்கும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. மாத்திரையை விட்டுவிட்டு எடுத்ததால் மருந்துக்கு அடங்காத கிருமி மூளையில் தனியே வளர்வது இதற்கு ஒரு காரணம். இது அரிது. ஆனால் வைரல் லோடு நன்றாக இருந்தும் சில வாரங்களுக்குள் புதிதாகத் தடுமாற்றம், வலிப்பு, நடை மாற்றம், குழப்பம் வந்தால், ‘ரிசல்ட் நல்லாத்தானே இருக்கு’ என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மருந்துகளை மாற்றியமைத்தால் பலருக்கு இது மீள்கிறது.

ஓட்டுநர்கள் வேலை பறிபோகும் என்று தடுமாற்றத்தை மறைப்பது இயல்பு. எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதை 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. தொற்றின் விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலேயே ஆலோசனை கேட்கலாம்.

மாதந்தோறும் மாத்திரை வாங்கப் போகும்போது எடை பார்ப்பார்கள், மாத்திரைக் கணக்கைக் கேட்பார்கள். கை வேகம் குறைந்ததா, பெடல் கால் மரத்ததா என்ற கேள்வி நெரிசலில் விட்டுப்போகக் கூடும். மந்தம் கூடியிருப்பது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாமலும் இருக்கலாம். எனவே கூட வாழ்பவர் உடன் போவது நல்லது. எந்த மாதத்திலிருந்து வேலை பின்தங்குகிறது, சமையலில் எது இரண்டு முறை உப்புப் போடப்பட்டது, இரவில் எத்தனை மணிக்குக் கால் எரிகிறது, கூட என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், மருத்துவர் நரம்பியல் பிரிவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தத் தாளிலிருந்தே முடிவுசெய்யத் தொடங்கலாம்.